நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

முப்பத்தோராம் பதிப்பு நேற்று வந்தது.
அட்டையில் பனிமலை, ஒரு துப்பாக்கி,
துப்பாக்கியைவிடப் பெரிதாக என் பெயர்.
முதல் பதிப்பில் அதைத்
தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
வெற்றி என்றால் எழுத்தின் அளவு கூடுவது
என்றார் அச்சுக்கோப்பவர் ஒருமுறை.
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இடது காலில் எனக்கு மூன்று விரல்கள் இல்லை.
விழுப்புண் மார்பில் இருக்க வேண்டுமாம்.
என்னுடையது காலுறைக்குள் இருக்கிறது.
எந்த எதிரியும் வெட்டவில்லை.
அல்பேனியப் பனி, நாற்பத்தொன்று ஜனவரி,
நனைந்து ஊறிய காலணி,
யானினா மருத்துவமனையில் ஒரு சின்ன ரம்பம்.
எனக்கு வலிக்கவே இல்லை.
துணிச்சல் என்று செய்தித்தாளில் எழுதினார்கள்.
மரத்துப்போனதற்கு
அவர்களிடம் வேறு சொல் இல்லை.

ஜீஸிஸ் கோவேறு கழுதைகளை நடத்தியவன்.
(நாவலிலும் அதே பெயர். மாற்ற மனம் வரவில்லை.)
மேலே ரொட்டி போகும்,
கீழே காயம்பட்டவர்கள் வருவார்கள்.
ஒவ்வோர் இரவும் அவன் அழுவான்.
ரகசியமாக அல்ல,
பசித்த குழந்தைபோல வாய் திறந்து,
கூடாரம் முழுக்கக் கேட்க.
சார்ஜென்ட் வைவார். யாரோ காலணியை எறிவார்கள்.
நான் கம்பளி நுனியைக் காதில் திணித்துக்கொள்வேன்.
விடியும்போது எல்லோருக்கும் முன்பே
மூக்கை உறிஞ்சியபடி
சேணம் கட்டிக்கொண்டிருப்பான்.
அழுது முடித்தவனுக்கு
பகலில் வேறு வேலை பார்க்க முடிந்தது.
அழாத எங்களுக்கு
அழுகையை மறைக்கவே பகல் போதவில்லை.

பாலம் உண்மை. குண்டுகளும் உண்மை.
அவன் கடந்தான், கழுதையும் கடந்தது.
திரும்பும்போது கழுதை மட்டும் வந்தது.

கையெழுத்துப் பிரதியில் அந்த அழுகை இருந்தது,
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பதினொரு வரி.
பதிப்பாசிரியர் கோஸ்மாஸ் சிவப்புப் பென்சிலால்
மென்மையாகத்தான் கோடிட்டார்.
"விடிந்தால் பாலத்தைக் கடக்கப்போகிறவன்
இப்படி அழுதால் யார் நம்புவார்கள்?"
எனக்கு ஏழு மாத வாடகை பாக்கி.
சரி என்றேன்.
போர்முனையில் ஒருநாளும் புறமுதுகு காட்டாதவன்,
அந்த மேசை முன்னால் காட்டினேன்.

கோனிட்சாவிலிருந்து பள்ளி நோட்டுத்தாளில்
ஒரு கடிதம் வந்தது.
ஜீஸிஸின் தங்கை, பெயர் க்ரிஸாந்தி.
"ஐயா, உங்கள் புத்தகத்தை
எனக்குப் படித்துக் காட்டினார்கள்.
நன்றாக இருந்தது.
ஆனால் பாலத்தில் செத்த அந்த மனிதர் யார்?
எங்கள் ஜீஸிஸ்
ஆடு குட்டி போட்டாலே அழுவான்.
நீங்கள் வேறு யாரையோ பார்த்திருக்கிறீர்கள்.
எங்கள் அண்ணனைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்."

மூன்று ஆண்டுகளாகப் பதில் எழுதுகிறேன்.
"அன்புள்ள" என்பதைத் தாண்டவில்லை.
இதற்குள் நாவல் ஒன்பது மொழிகளைத் தாண்டிவிட்டது.

அந்தப் பதினொரு வரியைத் திரும்பச் சேருங்கள்
என்று கேட்டுப்பார்த்தேன்.
பக்க எண்கள் எல்லாம் நகரும் என்றார்கள்.
பள்ளிப் பாடத்தில் வைத்தாயிற்று,
கேள்வித்தாளும் அச்சாகிவிட்டது:
ஜீஸிஸின் அஞ்சாமையை விளக்குக. பத்து மதிப்பெண்.

இன்று ஏதென்ஸில், பூங்காவுக்குள் புத்தகச் சந்தை.
கையெழுத்து வாங்க வரிசை
நீரூற்றைச் சுற்றி வளைந்து நின்றது.
நீட்டிய பிரதி ஒவ்வொன்றிலும்
முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
அன்றிரவும் அவன் அழுதான்.
பிறகுதான் முன்பக்கத்தில் பெயர்.
அறுபது பிரதி இருக்கும். விரல் வீங்கிவிட்டது.

மாலையில் ஒரு பள்ளி மாணவி
விற்பனை மேசைக்குத் திரும்பி வந்தாள்.
"இதில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்,
வேறொன்று தாருங்கள்."
விற்பவர் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார்.
இரண்டு நாற்காலி தள்ளி
நான் காலணியைக் கழற்றிப்
பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கிறுக்கிய பிரதி இப்போது என் பையில் இருக்கிறது.
கோனிட்சாவுக்குத் தபால்செலவு எவ்வளவு என்று
நாளை விசாரிக்க வேண்டும்.